நெஞ்செரிச்சல்: தட்டை மாற்றுவதா, கடிகாரத்தை மாற்றுவதா, கட்டிலை மாற்றுவதா?

நெஞ்செரிகிறது என்று யாரிடமாவது ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மறுநொடி ஒரு பட்டியல் வந்து விழும். காபி கூடாது, காரம் கூடாது, தக்காளி கூடாது, எண்ணெயில் பொரித்தது கூடவே கூடாது. சொல்பவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவரே போதும். பட்டியல் நீள நீள, கடைசியில் சாப்பிடுவதற்கு மிஞ்சுவது வெந்நீரும் விரக்தியும்தான்.

அப்படி ஒரு பட்டியலோடு நானும் இரண்டு மாதம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதில் இருபதுக்கும் மேற்பட்ட பொருள்கள். ஒன்றைக்கூட நாவில் வைக்கவில்லை. ஆனாலும் வாரத்தில் மூன்று நாளாவது நள்ளிரவு தாண்டிய வேளையில் மார்பின் நடுவே கனல் வைத்தாற்போல் எரியும், தொண்டை வரை புளிப்பு ஏறும், எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பிறகு வேலை நேரம் மாறியதில், நான் திட்டமிடாமலேயே இரவு உணவு ஒன்றரை மணி நேரம் முன்னால் நகர்ந்தது. பட்டியலில் ஒரு வரியையும் திருத்தவில்லை. இரண்டு வாரத்தில் இரவு எரிச்சல் பாதியாகக் குறைந்துவிட்டது. பிடிவாதத்தைத் தவறான இடத்தில் செலவழித்துவிட்டோமோ என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் வந்தது.

என் ஒருவன் வயிற்றை வைத்து ஊருக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் இது குறித்து நடந்த ஆய்வுகளைத் தேடிப் படித்தபோது அவையும் ஏறக்குறைய அதே திசையைக் காட்டின. மாத்திரை இல்லாமலோ, மாத்திரையைக் குறைத்துக்கொண்டோ சமாளிக்க நினைப்பவருக்கு முன்னால் நாலைந்து வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குபவர் பெரும்பாலும் பத்தாம் நாள் எல்லாவற்றையும் கைவிடுகிறார். அதனால், எதில் முதலில் கை வைப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விழுங்கும்போது உணவு தடைபடுகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, வாந்தியில் இரத்தம் தெரிகிறது, மலம் கருமையாகப் போகிறது, இரத்தசோகை என்று பரிசோதனை சொல்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை, மருத்துவரிடம் போங்கள். மார்பு வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வியர்த்துக் கொட்டினாலும், மூச்சு வாங்கினாலும் அதை வாயு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். இதய வலியும் நெஞ்செரிச்சலும் ஒரே மாதிரி வேடம் போடக்கூடியவை. அனுபவமுள்ள மருத்துவர்களே சோதித்துப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள்.

அமிலம் அதிகமா, இடம் தவறா?

நெஞ்செரிச்சல் என்றால் வயிற்றில் அமிலம் கூடிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அமிலம் வழக்கமான அளவில்தான் சுரக்கிறது. அது இருக்கக்கூடாத இடத்துக்கு வந்துவிடுவதுதான் தொல்லை. இரைப்பையின் உட்சுவருக்குக் கெட்டியான சளிப்படலம் காப்பாக இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்த அளவு காப்பு கிடையாது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை வளையம் இருக்கிறது. உணவு இறங்கும்போது திறந்து, பிறகு இறுக மூடிக்கொள்வது அதன் வேலை. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத்தசையான உதரவிதானமும் வெளியிலிருந்து அதைக் கவ்விப் பிடித்திருக்கிறது.

இந்தக் கதவு மூன்று விதமாகத் தோற்கிறது. இரைப்பை நிறைந்து விரியும்போது, விழுங்காத நேரத்திலும் தசை தானாகச் சில நொடிகள் தளர்கிறது. ஏப்பம் வெளியேறுவதும் இப்படித்தான். தொப்பை, இறுக்கமான இடுப்புவார், குனிந்து செய்யும் வேலை, கர்ப்பம் ஆகியவை கீழிருந்து அழுத்தம் கொடுக்கின்றன. மூன்றாவதாக, மேலே ஏறிய அமிலம் சீக்கிரம் இறங்காமல் தங்கிவிடுகிறது. நிற்கும்போது புவியீர்ப்பும் உமிழ்நீரும் சேர்ந்து அதைக் கழுவி இறக்குகின்றன. படுத்தால் புவியீர்ப்பின் உதவி போய்விடும், தூங்கினால் உமிழ்நீரும் வற்றிவிடும், விழுங்குவதும் நின்றுவிடும்.

தளர்வு, அழுத்தம், தேக்கம். இனி வரும் ஒவ்வொரு வழியும் இந்த மூன்றில் எதைத் தொடுகிறது என்று பார்த்தால், ஒப்பிடுவது சுலபம்.

முதல் வழி: தட்டிலிருந்து விலக்குவது

எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். ஆதாரம் மெலிந்திருப்பதும் இங்கேதான். 2006-இல் உணவு, பழக்கவழக்க மாற்றங்கள் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த ஒரு மருத்துவக் கட்டுரை, உடல் எடையைக் குறைப்பதும் படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்துவதும் பலன் தருகின்றன என்றது. இன்ன உணவை நிறுத்தினால் எதுக்களிப்பு, அதாவது அமிலம் மேலேறுவது, குறையும் என்பதற்குப் போதிய சான்று அதற்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் பட்டியல் முழுவதும் பொய்யா என்றால், அதுவும் சரியில்லை. பட்டியலில் வெவ்வேறு வகைக் குற்றவாளிகள் ஒரே கூண்டில் நிற்கிறார்கள். சாக்லேட், மது, புதினா, கொழுப்பு மிகுந்த உணவு ஆகியவை தசையைத் தளர்த்தக்கூடியவை. கொழுப்பு, போதாக்குறைக்கு, இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. ஆரஞ்சும் தக்காளியும் வேறு ரகம். கதவைத் தொடாவிட்டாலும், ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயின் மேல் பட்டு இறங்கும்போதே எரிய வைக்கும். மிளகாயின் காரம் அங்கிருக்கும் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. சோடா பானங்கள் இரைப்பையை ஊதவைத்து ஏப்பத்தைக் கிளப்புகின்றன; ஏப்பத்தோடு அமிலமும் மேலே வருகிறது. காபியின் மீதுதான் பழி அதிகம். ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஒருவருக்கு ஒரு கோப்பையிலேயே எரியும், இன்னொருவருக்கு மூன்று கோப்பை குடித்தாலும் ஒன்றும் ஆகாது.

ஆகவே பொதுப்பட்டியல் பயன்படாது, உங்களுக்கே உரிய பட்டியல் பயன்படும். அதைக் கண்டுபிடிக்க ஒரு குறிப்பேடு வேண்டும், இரண்டு வாரப் பொறுமை வேண்டும். என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு எப்போது, எவ்வளவு, அதற்குப் பின் உட்கார்ந்தீர்களா, படுத்தீர்களா என்பதையும் எழுத வேண்டும். இதை எழுதாமல் விட்டால் ஏமாந்து போவீர்கள். நள்ளிரவில் வயிறு முட்டத் தின்றுவிட்டு உடனே படுத்த அன்று, தட்டில் தக்காளி இருந்ததா என்று தேடுவதில் அர்த்தமில்லை. சந்தேகப்படும் பொருளை ஒன்றொன்றாக விலக்குங்கள். இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பச் சேர்க்கும் இந்தப் பாதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். விலக்கியது விலக்கியதாகவே கிடந்து, தட்டு சுருங்கி, சத்தும் குறைந்து, சாப்பாடே பயம் தரும் விஷயமாகிவிடுகிறது.

விலக்குவதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், சேர்ப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நார்ச்சத்துக் குறைவாகச் சாப்பிட்டுவந்த, உணவுக்குழாயில் புண் இல்லாத 30 எதுக்களிப்பு நோயாளிகளுக்கு இசப்கோல் உமியை நாளொன்றுக்கு மூன்று வேளை 5 கிராம் வீதம் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2018-இல் வெளிவந்தது. சிகிச்சையின் முடிவில் அவர்களில் 60 சதவீதம் பேருக்கு அந்த வாரம் முழுவதும் நெஞ்செரிச்சல் வரவில்லை. மாவுச்சத்தை மிகவும் குறைத்த உணவால் பருமனானவர்களுக்குச் சில நாள்களிலேயே எதுக்களிப்பு குறைந்ததாக 2006-இல் இன்னொரு ஆய்வு சொன்னது. ஆனால் அதில் இருந்தவர்கள் 8 பேர்தான். இரண்டுமே சின்ன ஆய்வுகள். இவற்றில் நார்ச்சத்தைச் சேர்ப்பதில் இழப்பு எதுவும் இல்லை என்பதால் அதை முயன்று பார்க்கலாம், போதிய தண்ணீரோடு.

இரண்டாவது வழி: கடிகாரமும் அளவும்

நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். காரணம் எளிமை: எதையும் துறக்க வேண்டியதில்லை, நகர்த்தினால் போதும்.

திட உணவு இரைப்பையை விட்டுப் பெரும்பாலும் வெளியேற ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகிறது. உணவுக்குப் பின், வயிற்றில் இருக்கும் சாப்பாடு அமிலத்தை மட்டுப்படுத்திவிடும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் உணவின் மேற்பரப்பில், சரியாகக் கதவுக்கு அடியில், உணவோடு கலக்காத புது அமிலம் ஒரு தனிக் குட்டைபோலத் தேங்குகிறது. சாப்பிட்டவுடன் படுப்பவர் அந்தக் குட்டையைச் சாய்த்துக் கதவில் ஊற்றுகிறார்.

ஜப்பானில் 2005-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு ஒன்று இரவு உணவுக்கும் படுக்கைக்கும் உள்ள இடைவெளியை மட்டும் எடுத்துக்கொண்டது. எதுக்களிப்பு நோய் உள்ள 147 பேரையும் இல்லாத 294 பேரையும் ஒப்பிட்டது. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ இடைவெளி விட்டவர்களோடு ஒப்பிட்டால், மூன்று மணி நேரத்துக்குள் படுத்தவர்களுக்கு இந்நோய் இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 7 மடங்குக்கு மேல் இருந்தது. இப்படிப்பட்ட ஆய்வு காரணத்தை நிரூபித்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் இரைப்பை இயங்கும் விதத்தோடு அது பொருந்திப் போகிறது. படுப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது.

உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். அந்தக் களைப்பு பகலிலும் வரும். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர வேண்டும் என்றால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடலாம். சாப்பிட்டதும் குனிந்து தரையைத் துடைப்பது, பாரம் தூக்குவது, வயிற்றை மடக்கும் உடற்பயிற்சி ஆகியவற்றையும் அந்த இரண்டு மணி நேரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். மெதுவான நடை பரவாயில்லை, நல்லதும்கூட.

அளவு இதன் இரட்டைச் சகோதரன். தசையின் தற்காலிகத் தளர்வைத் தூண்டுவது இரைப்பையின் விரிவுதான் என்பதால், அதே உணவை இரண்டு வேளையாகப் பிரித்தாலே பலன் தெரியும். காலை அவசரத்தில் கொறித்து, மதியம் அரைகுறையாகச் சாப்பிட்டு, நாள் முழுதும் சேர்ந்த பசியை இரவில் தீர்த்துக்கொள்வதுதான் பலருடைய வழக்கம். இந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு இரவு உணவை மட்டும் சின்னதாக்க முயன்றால் தோற்றுவிடுவீர்கள். மதியச் சாப்பாட்டைப் பெரிதாக்குவதிலிருந்து தொடங்க வேண்டும். நான் இரண்டுமுறை தோற்றபின் புரிந்துகொண்டது இது.

இந்த வழியின் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும். இரவுப்பணி பார்ப்பவருக்கும், எல்லோரும் வந்தபின்தான் உண்ணும் வீட்டில் இருப்பவருக்கும் நேரத்தை நகர்த்துவது சொல்வதுபோல் சுலபமில்லை. அவர்களுக்கு அடுத்த வழி.

மூன்றாவது வழி: கட்டில்

செலவுக்கும் பலனுக்கும் உள்ள விகிதத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் இரவில் எரிச்சல் வருபவர்களுக்கு மட்டும். பகலில் மட்டும் எரிபவர் கட்டிலைத் தூக்கிப் பயனில்லை.

இதற்குள்ளேயே மூன்று தேர்வுகள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு உறுதியான மரக்கட்டை வைத்து முழுக் கட்டிலையும் சரிவாக்குவது ஒன்று. இடுப்புக்கு மேலுள்ள உடம்பு முழுவதையும் தாங்கும் ஆப்பு வடிவத் தலையணை இன்னொன்று. மூன்றாவது, எல்லோரும் செய்வது: சாதாரணத் தலையணைகளை அடுக்குவது. இந்த மூன்றாவதை விட்டுவிடுங்கள். தலையும் கழுத்தும் மட்டும் உயர்ந்து, உடல் வயிற்றருகே மடங்கி, உள்ளழுத்தம் கூடுகிறது; கழுத்து வலி தனி. கட்டையா ஆப்பா என்றால், கட்டிலைப் பகிர்ந்துகொள்பவர் சம்மதித்தால் கட்டை, சம்மதிக்காவிட்டால் ஆப்பு. கட்டிலைச் சரித்தால் முதல் சில இரவுகள் கீழே வழுக்கிப் போவதுபோல் இருக்கும், பிறகு பழகிவிடும். தரையில் படுப்பவருக்கும் ஆப்புதான்.

இவை எதுவும் வேண்டாம் என்பவர் இடப்பக்கம் திரும்பிப் படுக்கலாம். இடப்பக்கம் படுக்கும்போது இரைப்பையின் பெரிய பகுதி உணவுக்குழாயின் வாயிலுக்குக் கீழே அமைகிறது. வலப்பக்கம் படுத்தால் வாயிலே கீழே போய்விடுகிறது. ஆம்ஸ்டர்டாமில் 57 பேரின் உறக்க நிலையையும் உணவுக்குழாயின் அமிலத்தையும் ஒரே நேரத்தில் அளந்த ஆய்வு 2022-இல் வெளியானது. அமிலம் மேலேறும் தடவைகள் எந்தப் பக்கம் படுத்தாலும் பெரிதாக மாறவில்லை. ஏறிய அமிலம் நீங்க எடுத்துக்கொண்ட நேரம்தான் மாறியது: இடப்பக்கம் 35 நொடி, மல்லாந்து 76 நொடி, வலப்பக்கம் 90 நொடி என்பது அதன் இடைநிலை அளவு. அதாவது, முன்னால் சொன்ன மூன்றில் இது தளர்வையோ அழுத்தத்தையோ தொடவில்லை. தேக்கத்தை மட்டும் குறைக்கிறது. அதுவே பல இரவுகளுக்குப் போதுமானதாக இருக்கிறது.

தூக்கத்தில் புரள்பவர் என்ன செய்வது? முதுகுக்குப் பின்னால் ஒரு நீளத் தலையணையை அணைகட்டிப் பார்க்கலாம். எனக்கு அது முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். காலையில் தலையணை தரையில் கிடக்கும், நான் வலப்பக்கம் கிடப்பேன். ஆனாலும் எரிச்சல் அதிகம் தொல்லைப்படுத்தும் முதல் சில மணி நேரம் இடப்பக்கத்தில் கழிந்துவிடுகிறது.

நான்காவது வழி: இடுப்பளவு

கூடுதல் எடை உள்ளவருக்கு இதற்கு நிகரான வழி இல்லை. ஆனால் இதுபோல் மெதுவானதும் இல்லை. கட்டில் ஒரே இரவில் பலன் காட்டும், கடிகாரம் ஒரு வாரத்தில் காட்டும், இடுப்பு மாதக்கணக்கில் இழுக்கும்.

2013-இல் வெளியான ஒரு ஆய்வில், எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த 332 பேரை ஆறு மாதம் கவனித்தார்கள். சராசரியாக 13 கிலோ குறைந்தது. எதுக்களிப்புத் தொல்லை இருந்தவர்களின் பங்கு 37 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக இறங்கியது. தொல்லை இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது முற்றிலும் நின்றுபோனது. எல்லோராலும் 13 கிலோ குறைக்க முடியாது என்று சோர்ந்துவிட வேண்டாம். இதன் மறுபக்கத்தை 2006-இல் அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த பெரிய ஆய்வு காட்டியது: உடல் நிறைக் குறியீட்டெண் 3.5-க்கு மேல் கூடிய பெண்களுக்கு அடிக்கடி எரிச்சல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகியது, தொடக்கத்தில் சராசரி எடையில் இருந்தவர்களுக்கும்கூட. பருமன் என்று யாரும் சொல்லாத உடம்பிலும் கூடிய சில கிலோ கணக்கில் வருகிறது என்று இதற்குப் பொருள். உங்கள் எரிச்சல் தொடங்கிய ஆண்டையும், பழைய கால்சட்டைகள் இறுகத் தொடங்கிய ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கால்சட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது: இடுப்புவாரை ஒரு துளை தளர்த்துவதும் ஒரு சிகிச்சைதான். வயிற்றை இறுக்கிக் கட்டும் எந்த உடையும் உள்ளழுத்தத்தைக் கூட்டும். எடை குறையும்வரை காத்திருக்கையில் இதையாவது இன்றே செய்யலாம்.

ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர் இந்த வழியைத் தாண்டிப் போய்விட வேண்டும். நெஞ்செரிச்சலுக்காக அவர்கள் எடை குறைப்பதில் பலன் இல்லை, கேடு உண்டு. புகைப்பவர் ஒல்லியோ பருமனோ, புகையை நிறுத்துவதை இந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அது தசையைத் தளர்த்துவதோடு, அமிலத்தைக் கழுவும் உமிழ்நீரையும் குறைக்கிறது.

ஐந்தாவது: மூச்சு

வயிற்றால் மூச்சு விடும் பயிற்சி கதவை வெளியிலிருந்து பிடித்திருக்கும் உதரவிதானத்தை வலுப்படுத்துகிறது. 2012-இல் 19 பேரை வைத்து நடந்த ஆய்வில், நான்கு வாரப் பயிற்சி செய்தவர்களுக்கு உணவுக்குழாயில் அமிலம் தங்கும் நேரம் குறைந்தது. ஒன்பது மாதம் விடாமல் செய்தவர்களுக்கு மாத்திரைத் தேவையும் குறைந்தது. மிகச் சிறிய ஆய்வு. ஆனால் செலவில்லை, பக்க விளைவில்லை, மன அழுத்தம் கூடும் நாளில் எரிச்சலும் கூடுகிறது என்பவருக்கு இரட்டைப் பயன். துணை வழியாக வைத்துக்கொள்ளலாம். இதை மட்டும் நம்பி இறங்குவதற்கில்லை.

கைவைத்தியங்கள்: எது நிற்கும், எது விழும்

குளிர்ந்த பால் முதலில் இதமாக இருக்கும். சிறிது நேரம் கழித்து அதிலுள்ள புரதமும் கால்சியமும் அமிலச் சுரப்பைத் தூண்டும். சிகாகோவைச் சேர்ந்த பெர்ட்ராம் சிப்பி என்ற மருத்துவர் 1915-இல் வயிற்றுப்புண்ணுக்கு மணிக்கொருமுறை பாலும் பாலேடும் கொடுக்கும் சிகிச்சையை அறிமுகப்படுத்தினார். பல பத்தாண்டுகள் மருத்துவ உலகம் அதைப் பின்பற்றியது. பாலோடு அமிலத்தை முறிக்கும் காரத்தன்மையுள்ள பொடிகளும் சேர்த்துக் கொடுத்ததில் சிலருக்கு இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதுதான் மிச்சம். அவசரத்துக்கு அரை டம்ளர் பால் குடிப்பதில் தவறில்லை. படுக்கும் முன் கொழுப்பு நீக்காத பாலை ஒரு பெரிய டம்ளர் நிறையக் குடிப்பதை மருந்தாக நினைக்கக் கூடாது.

சமையல் சோடா அமிலத்தை உடனே முறிக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அரைத் தேக்கரண்டியில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுதுக்கும் 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் கோளாறு உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு குடித்தால் கிளம்பும் வாயு இரைப்பையை ஊதிவிடும். என் கணக்கில் இது கடைசி இடம். கடைசிக்கும் கடைசியாக ஆப்பிள் சாறு வினிகர்: அமிலம் ஏறிப் புண்பட்ட இடத்தில் இன்னொரு அமிலத்தை ஊற்றுவது. பலன் தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை, பல் எனாமலுக்குக் கேடு உண்டு.

இஞ்சி இரைப்பை காலியாவதை விரைவுபடுத்தும், அளவு மீறினால் அதுவே எரிய வைக்கும். அதிமதுரம் நெடுநாள் எடுத்தால் இரத்த அழுத்தத்தைக் கூட்டிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். செரிமானத்துக்கு நல்லது என்று பெயரெடுத்த புதினாத் தேநீர், எதுக்களிப்பு உள்ளவருக்கு எதிராளி. தசையைத் தளர்த்தும் என்று முன்பே பார்த்தோம்.

இந்தக் கூட்டத்தில் தேறுவது எதிர்பாராத ஒன்று: சர்க்கரை இல்லாத சூயிங்கம். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் மென்றால் உமிழ்நீர் பெருகுகிறது, அடிக்கடி விழுங்க வைக்கிறது, உமிழ்நீரிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது. 31 பேரிடம் 2005-இல் நடந்த ஆய்வு, மென்றவர்களின் உணவுக்குழாயில் அமிலம் தங்கும் நேரம் குறைந்ததைக் காட்டியது. அலுவலகத்தில் மதிய உணவுக்குப் பின் எரிச்சல் வருபவருக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. புதினாச் சுவையைத் தவிர்த்து வாங்குங்கள்.

மாத்திரையோடு ஒப்பிட்டால்

இயற்கை வழி நல்லது, மாத்திரை கெட்டது என்று இரு கட்சி கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. உணவுக்குழாயில் புண் இருப்பதாக எண்டோஸ்கோபி காட்டிவிட்டால், அதை ஆற்றும் வேலையில் ஒமிப்ரசோல் வகை மாத்திரைக்கு முன்னால் கட்டிலோ கடிகாரமோ நிற்க முடியாது. நேர்மாறாக, வாரத்துக்கு ஓரிரு முறை எரிபவருக்குப் பழக்கங்களை மாற்றினாலே போதும், மாத்திரை வேண்டியிருக்காது. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் குழப்பம். அவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போகலாம். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட் கலந்த மருந்துகள் உணவின் மேல் மிதக்கும் தெப்பம்போலப் படர்ந்து அந்த அமிலக் குட்டையை மூடுகின்றன; எப்போதாவது எரிபவர் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ அதைப் பற்றிக் கேட்கலாம்.

நீண்ட நாள் மாத்திரை எடுத்துவந்தவர் ஒருநாள் உறுதியெடுத்து நிறுத்திவிட்டு, உணவுக் கட்டுப்பாட்டில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓரிரு வாரத்தில் முன்னைவிட மோசமாக எரியும். கட்டுப்பாடு பலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவார். காரணம் வேறு: அடக்கி வைத்த அமிலச் சுரப்பு, மாத்திரை நின்றதும் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பாய்கிறது. எந்தத் தொல்லையும் இல்லாத 120 பேரை வைத்து 2009-இல் இதைச் சோதித்தார்கள். எட்டு வாரம் மாத்திரை எடுத்து நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு அடுத்த சில வாரங்களில் அமிலத் தொல்லை வந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் அது 15 சதவீதம்தான். ஆகவே நிறுத்துவதானால் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாக, பழக்கங்கள் நிலைத்த பிறகே நிறுத்த வேண்டும். வலி நிவாரணிகள், சில இரத்த அழுத்த மாத்திரைகள், எலும்புத் தேய்மானத்துக்கான மாத்திரைகள் ஆகியவையே எரிச்சலைக் கிளப்பக்கூடியவை என்பதால், அன்றாடம் விழுங்கும் எல்லாவற்றையும் அப்போதே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

எதில் தொடங்குவது

எரிச்சல் எப்போது வருகிறது என்பதை வைத்துத்தான் நான் பிரிப்பேன். படுத்தபின் வருகிறதென்றால் கட்டிலும் கடிகாரமும், இரண்டையும் இன்றிரவே. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வருகிறதென்றால் அளவு, சூயிங்கம், மெல்லிய நடை. குனிந்தால், உட்கார்ந்து எழுந்தால் வருகிறதென்றால் இடுப்பு. எந்த ஒழுங்கும் இல்லாமல் நாளின் எந்த நேரத்திலும் வருகிறதென்றால் குறிப்பேட்டை எடுங்கள், அங்கேதான் உணவுப்பட்டியலுக்கு உண்மையான வேலை இருக்கிறது. கர்ப்பிணிகள் சிறு சிறு வேளையாகச் சாப்பிட்டு, இடப்பக்கம் படுத்து, மற்றதை மகப்பேறு மருத்துவரிடம் விடலாம். பெரும்பாலும் பிள்ளை பிறந்ததும் எரிச்சலும் போய்விடுகிறது.

பழக்கங்கள் ஒன்றாகச் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஏறக்குறைய 43,000 பெண்களைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. சரியான எடை, புகையாமை, நாளுக்கு அரை மணி நேர உடலுழைப்பு, காபி, தேநீர், சோடா ஆகியவை நாளொன்றுக்கு இரண்டு கோப்பைக்குள், சீரான உணவு: இந்த ஐந்தும் இருந்தால் எதுக்களிப்புத் தொல்லையில் 37 சதவீதத்தைத் தவிர்க்கலாம் என்று அது மதிப்பிட்டது. காபிக்கு அங்கே தடை இல்லை, வரம்புதான் இருக்கிறது.

என் பட்டியலுக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்து, இரவு உணவு முன்னால் நகர்ந்து, மதியச் சாப்பாடு பெரிதான பிறகு, விலக்கி வைத்த இருபத்துச் சொச்சம் பொருள்களையும் வாரம் ஒன்றாகத் திரும்ப அழைத்தேன். காலைக் காபி முதல் வாரமே வந்து உட்கார்ந்துகொண்டது, எந்தக் கலகமும் செய்யவில்லை. தக்காளி வந்தது. காரம் அளவோடு வந்தது. சாக்லேட்டும் மாலைக்குப் பிந்திய பொரித்த பண்டங்களும் மட்டும் வந்த அன்றே நெஞ்சில் தீ வைத்ததால், அவை இரண்டும் வாசலிலேயே நிற்கின்றன.